இலைமேல் உப்பு

தாராவி
31 மே 2024

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

நீங்கள் கொடுத்தனுப்பிய தாள்கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது ஓர் இலை. உங்கள் கதையின் பதினொன்றாம் பக்கத்துக்கும் பன்னிரண்டாம் பக்கத்துக்கும் நடுவில் இருந்தது. தடித்த இலை. மேலே பொடிப் பொடியாக வெள்ளை. ஏதோ மருந்துத் தூள் என்று நினைத்தேன். ஆனாலும் யாரும் பார்க்காதபோது விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

சுகம் கேட்பதற்கு முன்னால் இலையில் ஆரம்பித்துவிட்டேன், மன்னிக்கவும். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். அம்மாவுக்கு வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அங்கே நீங்களும் வெங்கடேஷ் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முதுகுவலி தேவலையா?

சனிக்கிழமை பை பட்டறைக்குச் சரக்கு எடுக்க வந்த அத்தான், "ஏன் மாரி, அக்காவும் தங்கச்சியும் போன்ல பேசிக்கிட்டா என்ன? என்னைய போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்களே" என்று சிரித்தார். போனில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். தாளில் கொஞ்சம் பேசுவேன்.

முதல் கதையைக் கம்ப்யூட்டரில் அடிக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் பிளெக்ஸ் கடையில் கல்யாண சீசன். முதலாளி கணேசபாண்டியன் அண்ணாச்சி காலையிலிருந்து ஒரே கத்தல். "ஏட்டி மாரி, பிளெக்ஸ்ல எடம் காலியா கெடக்கு பாரு! பார்ட்டி பாத்தா காசு கொறப்பான். ரெண்டு வரி போட்டு நெரப்பு." நானும் நிரப்பினேன். இப்போது நாடார் சால் குடியிருப்பு முனையில் ஒரு காதுகுத்து பிளெக்ஸ் தொங்குகிறது: "காதில் ஏறும் தங்கம் சின்னது, கன்னத்துச் சிரிப்பே எங்களுக்குப் பெரியது." யார் எழுதியது என்று யாரும் கேட்பதில்லை. பிளெக்ஸில் அதையெல்லாம் கேட்கமாட்டார்கள்.

உங்களுக்கென்ன அக்கா. ஜன்னலைத் திறந்தால் காடி என்கிற கடற்கழி, காடியில் தண்ணீர், தண்ணீரில் நாரை. எங்கள் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். அதையும் அவர்கள் திறந்தால் நாங்கள் மூட வேண்டும்.

உங்கள் தங்கை,
மாரீஸ்வரி


ஐரோலி
7 ஜூன் 2024

அன்பு மாரிக்கு,

நாங்கள் நலம். முதுகு பழையபடிதான். சித்தியின் வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீரைத் தடவச் சொல். மாட்டுங்கா மார்க்கெட்டில் இன்னும் நுங்கு கிடைக்கிறதாம், அத்தான் சொன்னார்.

அந்த இலை நான் அடையாளத்துக்கு வைத்தது. எடுக்க மறந்துபோனேன். காடி ஓரம் முழுக்க அந்த மரம்தான், அலையாத்தி என்று சொல்வார்கள். கடல்தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் இலை வழியாக வெளியே தள்ளிவிடுமாம். தினமும் பார்க்கிற மரம். எனக்கு அதை நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

பூநாரைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. இனி மழை முடிந்துதான் வரும். அவை இல்லாத காடி, சாமான் காலிசெய்த வீடு மாதிரி இருக்கிறது.

நாகர்கோவில் பதிப்பகத்துக்காரர் ஜூன் முடிவதற்குள் ஒரு கதையாவது கேட்கிறார். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. எனக்கு அனுப்பிக் காத்திருக்காதே. அடித்து முடித்ததும் கடையிலிருந்தே அவருக்கு மெயில் பண்ணிவிடு. நீ அடித்தால் தப்பு இருக்காது.

ஒன்று கேட்க வேண்டும். சின்ன வயதில் லீவுக்கு நான் வந்தபோது சிகரெட் அட்டையின் பின்னால் கதை எழுதிக் காட்டுவாயே. இப்போது ஏதாவது எழுதுகிறாயா?

அன்புடன்,
விஜி


தாராவி
28 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மழை தொடங்கிவிட்டது. கடைக்குள் கணுக்கால் தண்ணீர். கம்ப்யூட்டரை ஸ்டூல் மேல் ஏற்றி, நான் மேஜைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடித்தேன். கதையை நேற்று நாகர்கோவிலுக்கு அனுப்பியாகிவிட்டது. பதினொன்றாம் பக்கத்தில் மட்டும் மழைத்தண்ணீர் பட்டு ஓர் இடம் கலைந்துபோனது. புரிந்த வரைக்கும் அடித்திருக்கிறேன்.

உங்கள் கதை புத்தகமாகப் போகிறது என்று அம்மா குழாயடி முழுக்கச் சொல்லிவிட்டாள். "என் அக்கா மவ பி.ஏ. தமிழு. புக்கு எழுதுதா தெரியுமா?" பக்கத்து வீட்டு மதினி என்னைப் பார்த்து, "அப்போ இவ?" என்றாள். "இவளா? இவளும் எழுதத்தான் செய்யுதா. கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு, கட்சிக்காரன் பொறந்தநாள்" என்று அம்மா சொன்னதும் குடத்தோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் எட்டாவதோடு தீர்ந்துவிட்டது. ஒன்பதாவதுக்கு இந்தி வகுப்பில் மூன்று மாதம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், பிறகு போகவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது கதையை அனுப்புங்கள். அத்தானை நனையாமல் வரச் சொல்லுங்கள்.

மாரீஸ்வரி


ஐரோலி
16 ஆகஸ்ட் 2024

அன்பு மாரிக்கு,

சித்தி, சித்தப்பா, நீ மூவரும் நலமா? இங்கே நலம். நலம் என்பதைவிடக் கொஞ்சம் கூடவே.

பதிப்பகத்துக்காரர் பதில் எழுதிவிட்டார். கதை பிடித்துவிட்டதாம். இன்னும் ஐந்து கதை சேர்த்துப் பிப்ரவரியில் புத்தகமாகப் போடலாம் என்கிறார். அவர் எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்:

"கதை சுமாராகத் தொடங்கி நன்றாக முடிகிறது. ஆனால் பதினொன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'தன்னிடம் வந்த உப்பை யாரிடமும் சொல்லாமல் இலைமேல் எடுத்து வைத்துவிட்டு அந்த மரம் நின்றது.' இந்த ஒரு வரிக்காகவே புத்தகம் போடலாம். தலைப்பை 'இலைமேல் உப்பு' என்று மாற்றிவிடுங்கள்."

'காடி ஓரத்து வீடு' என்று நான் வைத்திருந்த தலைப்பு போயிற்று. பரவாயில்லை. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். எனக்கே புதிதாக இருந்தது.

அந்தக் கலைந்த தாள் இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அத்தானிடம் கொடுத்துவிடு. சும்மா பார்க்கத்தான்.

இரண்டாவது கதை இத்துடன் இருக்கிறது.

அன்புடன்,
விஜி


தாராவி
23 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வாழ்த்துகள். தாள் இல்லை. நனைந்ததால் குப்பையில் போட்டுவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். பிளெக்ஸுக்கு வளையம் அடிக்கிற மெஹக் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "க்யா ஹுவா? யாரு செத்துப் போனா?" என்றாள். யாரும் சாகவில்லை, என் அக்கா புத்தகம் போடப் போகிறாள் என்றேன். "அதுக்கு ஏன் இப்படி மூஞ்சி? உன் சீஸை, உன் பொருளை யாரோ எடுத்துட்ட மாதிரி?" என்றாள். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் பாதிதான் தெரியும். ஆனால் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சரியாகச் சொல்லிவிடுகிறாள்.

ஒரு வரிக்காகவே புத்தகம் போடலாம் என்று ஒருவர் சொல்வது பெரிய விஷயம் இல்லையா அக்கா? அத்தனை பக்கத்தில் ஒரு வரி. உங்களுக்கு எப்படி இருந்தது?

அம்மாவுக்கு வேர்க்குரு போய்விட்டது.

மாரீஸ்வரி


ஐரோலி
4 அக்டோபர் 2024

அன்பு மாரிக்கு,

எல்லாரும் சுகம்தானே? உன் கடிதம் வரவரச் சின்னதாகிறது. வேலை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய இரண்டாவது கதையும் பதிப்பகத்துக்காரருக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பத்தியை மட்டும் வெட்டிவிட்டார். ஓரத்தில், "இது மட்டும் வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது, கதைக்குத் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியை நோட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்:

"கடைசி பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மொழி டீச்சரிடம் இருந்தது. மணி அடிக்கும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

என் கதையில் பள்ளிக்கூடமே கிடையாது. மீன் விற்கிற ஒருத்தியின் கதை அது. இதைப் பற்றி நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. தூக்கிப் போட மனம் வராமல் திருப்பி அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். அதிரசம் சுடப் போகிறேன். சித்தி வந்தால்தான் பதம் வரும்.

அன்புடன்,
விஜி


ஐரோலி
22 நவம்பர் 2024

அன்பு மாரிக்கு,

ஆறு சனிக்கிழமையாக அத்தான் வெறும் கையோடு வருகிறார். தீபாவளிக்குச் சித்தியும் சித்தப்பாவும் மட்டும் வந்தார்கள். உனக்குக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல்காரி அன்றைக்கும் கடைக்குப் போனாள் என்று சித்தப்பா மறந்துபோய்ச் சொல்லிவிட்டார். அதிரசம் கல்லாகப் போயிற்று.

இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?

பூநாரை வரத் தொடங்கிவிட்டது. பத்துப் பதினைந்துதான் இருக்கும். சேற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தன் வேலையைப் பார்க்கின்றன. நான் ஒரு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. தினமும் போய் அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

கோபம் என்றால் திட்டியாவது எழுது.

விஜி


தாராவி
6 டிசம்பர் 2024

அன்புள்ள விஜி அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

மழைத்தண்ணீர் பட்டது என்று எழுதியது பொய். அந்தப் பக்கத்தில் எதுவும் கலையவில்லை. "அந்த மரம்" என்று எழுதி, அதற்குமேல் ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தீர்கள். கடையில் காலி இடம் பார்த்தால் நிரப்பிவிடுவது என் கைக்குப் பழக்கம். நிரப்பினேன். முதல் தடவை அவ்வளவுதான், சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

இரண்டாம் தடவை எண்ணம் இருந்தது. அந்த வரியை அவர் புகழ்ந்ததும் எனக்கு உள்ளே எரிந்தது. என் வரி உங்கள் அட்டையில். அதை யாரிடமும் சொல்லவும் முடியாது, சொன்னாலும் குழாயடியில் சிரிப்பார்கள். ஒரு வரிக்கே இப்படிச் சொன்னார் என்றால் ஒரு பத்திக்கு என்ன சொல்வார் பார்ப்போம் என்று வேண்டுமென்றேதான் நுழைத்தேன். வேறு யாரோ எழுதியதுபோல இருக்கிறது என்று சொல்லிவிட்டார். தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். நீங்கள் அதைச் சுத்தமான கையெழுத்தில் எழுதித் திருப்பி வேறு அனுப்பினீர்கள். கிழித்து அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு உங்கள்மேல் பொறாமை அக்கா. உங்கள் பி.ஏ. மேல், உங்கள் ஜன்னல்மேல், "எழுதுறியா எழுது, சமையல் நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்கிற அத்தான்மேல், எல்லாவற்றின் மேலும். நீங்கள் நல்லவராக இருப்பதன் மேலும்தான். என்னிடமும் இரண்டு நோட்டு இருக்கிறது. அரிசி டின்னுக்குப் பின்னால்.

போன ஞாயிறு மெஹக் என்னை இழுத்துக்கொண்டு லிங்க் ரோட்டுப் பூங்காவுக்குப் போனாள். பத்து நிமிட நடை. பதினேழு வருடமாக இங்கே இருக்கிறேன், உள்ளே போனதில்லை. முன்னால் அது குப்பை மேடாக இருந்ததாம். இப்போது உள்ளே சத்தமே இல்லாமல் மரம். கடைசியில் மித்தி ஆறு ஓடுகிறது. கறுப்புத் தண்ணீர், பிளாஸ்டிக், நாற்றம். அந்தச் சேற்றில் உங்கள் மரம் நின்றது. அதே இலை. மெஹக் "சீ, சீ" என்று கத்தக் கத்த, எட்டிய ஓர் இலையைப் பறித்து நாக்கில் வைத்தேன். அதே உப்பு. ஐரோலி மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் இங்கேயும் இருந்திருக்கிறது.

என்னைத் திட்டி எழுதுங்கள்.

மாரி


ஐரோலி
13 டிசம்பர் 2024

அன்பு மாரிக்கு,

நீ நன்றாக இருப்பதில் சந்தோஷம். நான் அவ்வளவு நன்றாக இல்லை. படி.

அந்த இடத்தைக் காலியாக விட்டது நான். எனக்கு மறக்குமா? இரண்டு மாதம் உட்கார்ந்தும் வராத வரி அது. அச்சில் ஒரு வரி நிற்கிறது என்று அவர் எழுதியதுமே, அது உன்னுடையது என்று தெரிந்துபோனது. தெரிந்துகொண்டேதான் உன்னிடம் தாளைக் கேட்டேன். நீயாகச் சொல்லிவிடுவாயோ என்று பயம். தாள் இல்லை என்று நீ எழுதியதும் நிம்மதி. மாரி, எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் கூசுகிறது.

அத்தனை பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஒரு வரி நான் எழுதாத வரி. எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். மூன்று நாள் அத்தானோடு பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்று அவர் சொன்னார், தட்டை எடுத்துத் தொட்டியில் போட்டேன். எட்டாவது படித்த பிள்ளை, நாக்கில் வைத்துப் பார்த்து ஒரே நாளில் எழுதிவிட்டாள். நான் இரண்டு வருடமாக அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பத்தி வெட்டுப்பட்டபோது எனக்குச் சந்தோஷம். சந்தோஷம் வெளியே தெரியக் கூடாது என்றுதான் அவ்வளவு சுத்தமான கையெழுத்து.

நேற்று அவருக்குப் போன் செய்து, அந்த வரி என்னுடையது இல்லை, என் தங்கையுடையது என்று சொல்லிவிட்டேன். பிறகு, "அந்தப் பொண்ணு வேற ஏதாவது எழுதியிருக்கா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். வாயில் உடனே வந்தது. வைத்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பவும் போட்டு, "இருக்கு, ரெண்டு நோட்டு" என்றேன்.

அட்டை இன்னும் வரையவில்லை. முதல் கதையின் கடைசிப் பிரதி உன் கடையில்தான் இருக்கிறது. ஜனவரி பத்துக்குள் அனுப்ப வேண்டும். அந்த வரி இருக்கட்டும் என்றால் அதன் கீழே உன் பெயர் வரும், நான் அவரிடம் பேசிவிட்டேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடு, பழைய தலைப்பையே போட்டுக்கொள்ளலாம். உன் இஷ்டம். எனக்குக் காட்டிவிட்டு அனுப்ப வேண்டாம்.

சித்தியிடம் எதுவும் சொல்லாதே.

விஜி


தாராவி
3 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் உங்கள் முதுகுவலி தீரட்டும். இங்கே எல்லாரும் சுகம். கடையில் காலண்டர் வேலை முடிந்து இன்றுதான் மூச்சு விட்டேன்.

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. உங்கள் புத்தகம் வந்தால் முதல் பிரதியை அப்பாவிடம் கொடுங்கள், நான் இரண்டாவதைப் பார்க்கிறேன். ஆனால் உங்களுக்கும் இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து என்னுடையது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

அந்த வரியை எடுத்துவிட்டேன். தலைப்பில் 'காடி ஓரத்து வீடு' என்று போட்டுவிட்டேன். வரி இருந்த இடத்தில் என்ன போடுவது என்று கை துறுதுறுத்தது. பின்னால் வந்து நின்ற அண்ணாச்சி திரையைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, எடம் காலியா கெடக்கு?" என்றார். "கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். என்னிடமிருந்து அவ்வளவு சத்தமாக ஒரு வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. "சரிட்டி, சரி" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

இப்போது உங்கள் கதையில் மரம் சும்மா நிற்கிறது. படித்துப் பாருங்கள். எனக்கு அது போதும் என்று தோன்றியது. நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டேன்.

அத்தானுக்கும் உங்களுக்கும் என் அன்பு.

மாரி

பி.கு.: அனுப்பி முடித்ததும் ஒரு புது நோட்டு எடுத்தேன். முதல் பக்கத்தில் அந்த வரியை எழுதினேன். அதற்கு அடுத்த வரியையும் எழுதினேன்.